முப்பத்தொரு நாள் பயிற்சி

பாரிசில் பெய்வது பெரிய மழை இல்லை. குடை விரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுக்குத்தான் பெய்யும். ஆனால் வருடம் முழுக்கப் பெய்யும். கனடாவில் போல ஆளுயரத்துக்குப் பனி கொட்டினால் ஒரு மனிதன் சைக்கிளைக் கொழுவிவிட்டு நாலு மாதம் சோபாவில் இருக்கலாம். இங்கே அப்படியொரு சாட்டு இல்லை. தையிலும் ஓடலாம், ஆடியிலும் ஓடலாம். நடந்ததற்கெல்லாம் அடிப்படைக் காரணம் இந்தக் காலநிலைதான் என்பதை முதலிலேயே எழுதிவைக்கிறேன்.

எல்லாவற்றையும் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரும்படி மைத்துனன் கஜன் கேட்டதால் இதை எழுதுகிறேன். என் பெயர் பாலச்சந்திரன். வயது நாற்பத்தாறு. லா சப்பலில் மூன்றாம் மாடியில் குடியிருப்பு, ஒபர்வில்லியேயில் மொத்தக் களஞ்சியம் ஒன்றில் வேலை. குடிப்பழக்கம் இல்லை. நான் செய்தவற்றில் ஒன்றைக்கூடக் கோபத்தில் செய்யவில்லை. இது முக்கியம் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினொன்றில் டொக்டர் என் இரத்தத்தில் சீனி எல்லையில் நிற்கிறது, நடவுங்கள் என்றார். நடந்தேன். நடை ஓட்டமானது. பிறகு ஒரு சைக்கிள் வாங்கினேன். களஞ்சியத்தில் என்னோடு வேலைசெய்யும் வெள்ளைக்காரன் ஒருவன், இனி நீச்சல் மட்டும்தான் பாக்கி, மூன்றையும் ஒரே மூச்சில் செய்தால் அதற்குப் பெயர் திரியத்லோன் என்று சொல்லி, ஒரு பயிற்சி அட்டவணையும் அச்சடித்துத் தந்தான். செவ்வாயும் வியாழனும் ஓட்டம். புதன் நீச்சல் குளம். ஞாயிறு எங்கள் வீட்டுக்குக் கிட்டவுள்ள ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்திலிருந்து கால்வாயோரமாக எண்பது கிலோமீற்றர் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சிவப்பில் கட்டம் போட்டிருந்தது.

எங்கள் ஆட்களுக்கும் ஞாயிறுதான் சிவப்புக் கட்டம். கலியாணம், பெரியபிள்ளையானால் சாமத்தியவீடு, புதுவீடென்றால் குடிபூரல், முதலாம் பிறந்தநாள், ஐம்பதாம் பிறந்தநாள். எல்லாம் எபினேயில் ஏதாவது ஒரு மண்டபத்தில். அழைப்பிதழில் பத்து மணி என்றிருக்கும், ஒரு மணிக்குத் தொடங்கும், படம் எடுத்து முடிய இருட்டிவிடும். எந்தச் சாட்டும் எடுபடாது. காய்ச்சல் என்றால், "காய்ச்சலோடை வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போங்கோ" என்பார்கள். வேலை என்றால், "ஒரு நாள் கொன்ஜே எடுக்கேலாதோ?" என்பார்கள்.

பதின்மூன்றாம் ஆண்டு மாசியில் எங்கள் ஊரான அனலைதீவில் அப்பாவின் சிற்றப்பா ஒருவர் காலமானார். இது உண்மையான சாவு, குறித்துக்கொள்ளுங்கள். ஆண்வழி உறவு என்றபடியால் எனக்கும் என் மனைவிக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் படி மிதிக்கக் கூடாது, நல்ல காரியம் ஒன்றுக்கும் போகக் கூடாது. அந்த மாதம் இரண்டு கலியாணமும் ஒரு சாமத்தியவீடும் இருந்தன. "ஐயோ, நீங்கள் வரப்படாது" என்று அவர்களே தொலைபேசி எடுத்துச் சொன்னார்கள். நாலு ஞாயிறு நிம்மதியாகச் சைக்கிள் ஓடினேன். வீட்டில் மீன், இறைச்சி இல்லாததால் உடம்பும் இரண்டு கிலோ இறங்கியது. முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கும் அந்தியேட்டியன்று என் முழங்கால்கள் அவ்வளவு நல்ல நிலையில் இருந்தன.

அடுத்த மாதம் மூன்று ஞாயிறுகள் மண்டபத்தில் போயின. அதற்கடுத்த மாதம் முதல் ஆளை முடித்தேன்.

அவருக்கு ஆறுமுகம் என்று பெயர் வைத்தேன். வயது எழுபத்தொன்பது, அப்பாவின் ஒன்றைவிட்ட அண்ணை. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. மாடிப்படியில் நின்று, தொலைபேசியைக் காதில் வைத்து, "எப்ப? எத்தினை மணிக்கு?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு, உள்ளே போய்ச் சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். என் மனைவி ஜெகதீஸ்வரி கையை நெஞ்சில் வைத்தாள்.

"ஆரப்பா?"

"ஆறுமுகம் பெரியப்பா. நித்திரையிலையாம்."

முதல் ஆள் என்றபடியால் வேதனைப்படுத்த மனம் வரவில்லை.

பிறகு கை பழகிவிட்டது. எனக்கென்று சில ஒழுங்குகளை வைத்திருந்தேன். அப்பா வழியில் மட்டும். எழுபதுக்குக் குறைந்த ஒருவரையும் தொடுவதில்லை. ஒரே நோயை அடுத்தடுத்துக் கொடுப்பதில்லை. ஒருவரைத் தென்னையிலிருந்து விழுத்தினேன். எழுபத்துமூன்று வயதில் அந்த மனுசனுக்குத் தென்னையிலை என்ன வேலை என்று ஜெகா கேட்டாள். அது என் கவனக்குறைவு. வருடத்துக்கு ஐந்தாறு பேர் தேவைப்பட்டார்கள். பனி விழும் நாடாயிருந்தால் இரண்டு பேரோடு நின்றிருப்பேன்.

ஜெகா நல்ல மனுசி. ஒவ்வொருவருக்காகவும் அழுதாள். கண்டிராத ஆட்களுக்காக இப்படி அழுகிறாளே என்று எனக்கே பாவமாக இருந்தது. அழுதால் அவளுக்கு மனப்பாரம் குறையும் என்று விட்டுவிட்டேன். அவர்களுடைய பெயர், ஊர், திதி எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவைத்து, ஆண்டு திரும்பும்போது ஒவ்வொருவருக்கும் படைத்தாள். பிறக்காத மனிதருக்குக் கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பாயசம். நீண்ட சைக்கிளோட்டத்துக்கு முதல்நாள் அப்படியான சாப்பாடு மிகவும் உதவும். பதினான்காம் ஆண்டும் பதினைந்தாம் ஆண்டும் பிள்ளையார் தேர் எங்கள் வீதியால் போனபோது அவள் கீழே இறங்கவில்லை. யன்னல் திரைக்குப் பின்னால் நின்று, தேங்காய் உடைக்கும் சத்தத்தைக் கேட்டுக் கும்பிட்டாள். உங்கடை குடும்பத்துக்கு ஏதோ தோசம் கிடக்குது என்றாள். இருக்கலாம் என்றேன்.

இனிக் கஜனின் கலியாணம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கஜன் ஜெகாவின் ஒரே தம்பி. தாய் போனபிறகு அவள்தான் வளர்த்தாள். பதினொரு வருடம் விசா இல்லாமல் அலைந்து, ஒருவாறு அது கிடைத்து, முப்பத்தொன்பதாம் வயதில் மிருணாளினி என்ற நல்ல பிள்ளை பொருந்தியது. தாலி கட்டும்போது பெண்ணுக்குப் பின்னால் நின்று முடிச்சுக்குக் கைகொடுக்கும் தோழி ஜெகாதான். சேலைச் சட்டையை மூன்று தரம் பிரித்துத் தைப்பித்தாள். நாள், பதினாறாம் ஆண்டு ஜூன் இரண்டாம் ஞாயிறு. நான் பெயர் கொடுத்திருந்த முதல் போட்டியும் அதே ஞாயிறுதான், இருநூறு கிலோமீற்றர் தள்ளி ஒரு ஏரியில்.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஒருநாள். "இந்த ஒரு மாசத்துக்கு மட்டும் உங்கடை ஆக்களிலை ஒருத்தரும் சாகாமல் இருந்தினமெண்டால், பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பன்."

போட்டியைப் பற்றி அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ரை தம்பியின்ரை கலியாணத்தைவிட உங்களுக்குச் சைக்கிள் பெரிசோ என்று அவள் கேட்டிருப்பாள். என்னிடம் இருந்த பதில் அவளை நோகடித்திருக்கும். ஒரு மனுசியை நோகடிப்பதைவிட ஒருவரை முடிப்பது எளிது.

ஆனால் கஜன் முன்கூட்டியே ஐயரிடம் கேட்டுவைத்திருந்தான். தூரத்து உறவென்றால் ஏதோ கழிப்புச் செய்து, தண்ணீர் தெளித்துக் கூட்டிவரலாமாம். ஆகவே கழிப்புக்கு அடங்காத சாவு தேவைப்பட்டது. மே மாதக் கடைசியில் என் சொந்த அண்ணை தவரத்தினத்தை முடித்தேன். ரொறன்ரோவில், மாரடைப்பில். அவர் உயிரோடிருந்தார். ஆனால் ஒன்பது வருடமாக நாங்கள் கதைப்பதில்லை. கதைக்காத ஒருவர் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன என்று நினைத்தேன்.

இந்தமுறை ஜெகா சத்தம் போட்டு அழவில்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது. சேலையை மடித்து, சட்டையை அதற்குள் வைத்து, தோழியாக நிற்கச் சொல்லித் தன் பெரியம்மாவின் மகள் புனிதவதியிடம் கொடுத்தனுப்பினாள். கஜன் வந்து என் தோளைக் கட்டிப்பிடித்தான். "அத்தான், கடைசியா ஒருக்காக் கதைக்கக்கூட உங்களுக்குக் கிடைக்கேல்லையே" என்று அழுதான். நானும் அழுதேன். கண்ணீர் உண்மையாகவே வந்தது.

அதோடு விட்டிருக்கலாம். என்மேல் உள்ள அன்பில் கஜன் எங்கள் கலியாண அல்பத்திலிருந்து அண்ணையின் படத்தை எடுத்து, மரண அறிவித்தல் அச்சடித்து, லா சப்பலில் கடைக்குக் கடை ஒட்டிவிட்டான். கீழே தொடர்புக்கு எங்கள் வீட்டு இலக்கம். ஆரோ அதைத் தொலைபேசியில் படம் பிடித்து அனுப்ப, அது கையோடு கை மாறிக் கடல் தாண்டிப் போயிருக்கிறது.

அண்ணைக்கு நீர்க்கடமை செய்ய ஒரு ஏரிக்குப் போவதாகச் சொல்லி, சனிக்கிழமை மத்தியானம் வெளிக்கிட்டேன். ஜெகா எள்ளும் தர்ப்பையும் சுற்றித் தந்தாள். "வடிவாச் செய்யுங்கோ, அவசரப்படாதேங்கோ" என்றாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு வீட்டுத் தொலைபேசி அடித்திருக்கிறது. இது பிறகு கஜன் சொல்லி அறிந்தது.

"நான் தவரத்தினம் கதைக்கிறன்."

ஜெகா அலறியிருக்கிறாள்.

"பயப்பிடாதை பிள்ளை. படம் நல்லாத்தான் கிடக்குது. வயசிலைதான் ரெண்டைக் கூட்டிப் போட்டிருக்கிறியள்."

என் மனைவி என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். "அப்ப எங்களுக்குத் துடக்கு இல்லையோ?" என்றுதான் கேட்டாளாம்.

"நான் உயிரோடை இருக்கிறன், உனக்கென்ன துடக்கு? வெளிக்கிடு."

தலைக்கு முழுகி, ஈரத் தலையோடு, கையில் அகப்பட்ட சேலையைக் கட்டிக்கொண்டு டாக்சி பிடித்து எபினேக்குப் போயிருக்கிறாள். மணவறையில் புனிதவதி விலகி இடம் விட்டாவாம். முடிச்சுக்கு ஜெகாதான் கைகொடுத்தாள். கேட்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை எழுதாமல் விடக்கூடாது.

இரவு ஒன்பது மணிக்கு நான் வீட்டுக்கு வந்தபோது எல்லோரும் கலியாண உடுப்போடு இருந்தார்கள். மேசைமேல் கணினித் திரையில் ரொறன்ரோவிலிருந்து அண்ணை. என் புயத்தில் 614 என்று போட்டி இலக்கம் கறுப்பு மையால் எழுதியிருந்தது, கழுவ மறந்துவிட்டேன். ஜெகாவின் மடியில் அந்தக் கொப்பி. "அப்பிடி ஒருத்தர் எங்கடை ஆக்களிலை இல்லை" என்று அண்ணை சொல்லச் சொல்ல, பத்தொன்பது பெயரையும் வெட்டியிருந்தாள். ஒருவரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"இவ்வளத்தையும் செய்துபோட்டுப் போனியள். போட்டியையாவது முடிச்சனீங்களோ?"

"ஓம்," என்றேன்.

மேலே எழுதிய இருபது பேர் விசயத்தில் எனக்குப் பெரிய குற்ற உணர்ச்சி இல்லை. பத்தொன்பது பேர் நல்ல வயதில் போனவர்கள். அண்ணையோடு இப்போது கிழமைக்கு இரண்டு தரம் கதைக்கிறேன். சாகாமல் இருந்திருந்தால் இது நடந்திராது. ஆனால் அந்த "ஓம்" உண்மையில்லை. துவக்குச் சத்தம் கேட்டதும் எண்ணூறு பேர் ஏரிக்குள் பாய்ந்தார்கள். நான் இறப்பர் உடுப்போடு முழங்காலளவு தண்ணீரில் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கடைசி ஆளின் தொப்பியும் மறைந்தபிறகு கரைக்கு வந்து, பின்னேரம்வரை காருக்குள் இருந்தேன். தீவில் பிறந்தவன் என்றபடியால் எனக்கு நீச்சல் தெரியும் என்று எல்லோரும் நினைத்தார்கள்; நானும் மறுக்கவில்லை. புதன்கிழமைகளில் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துச் சற்றுநேரம் காலடித்துவிட்டு, குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வருவேன். எனக்கு நீந்தத் தெரியாது. இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

பெரியவர்களுக்குக் குளத்தில் வகுப்பு நடக்கிறதாம். ஞாயிறு காலையில், நாலே நாலு பாடம். இனி ஒருவரையும் தொடமாட்டேன் என்று கஜன் சொன்னபடியே எழுதிக் கையெழுத்து வைக்கிறேன். நாலு ஞாயிறுதான். மிஞ்சிப் போனால் ஒரேயொரு ஆள்.