ஏன் டீச்சரின் அலமாரிச் சாவி

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியர் அவர்களே, மனைவியைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் ஐயா அவர்களே, பெற்றோர்களே, மூச்சுவிடக்கூடாது என்று மிரட்டி உட்கார வைக்கப்பட்டிருக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைகளே, வணக்கம்.

நான் பக்கத்து வகுப்புக் கணக்கு வாத்தியார். அறிவியல் கல்விச் சிறப்பு விருது பெற்ற, மறைந்த நம் அம்மையாரை, எதற்கெடுத்தாலும் 'ஏன்?' என்று கேட்டதால் பிள்ளைகள் வைத்த பெயரால் 'ஏன் டீச்சர்' என்றே அழைக்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பினால் இந்தப் பக்கம் என் வாய்ப்பாடு நின்றுவிடும். சண்டைக்குப் போவேன். ஒருநாள் அப்படிப் போனபோது டீச்சர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக் கேட்டார்:

"வந்ததுதான் வந்தீங்க சார். ஆரஞ்சைத் தோலோட போட்டா முழுகுமா, உரிச்சுப் போட்டா முழுகுமா?"

"தோலோட போட்டாத்தான். தோலோட கனமும் சேருமில்லையா?"

வகுப்பே குதூகலித்தது. டீச்சரின் சட்டம் அப்படி: தப்பாகச் சொன்னவர்தான் செய்து பார்க்க வேண்டும். சரியாகச் சொன்னவர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும். தப்புச் சொல்லப் போட்டி போட்ட பிள்ளைகளை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

விருதுக்காகப் பார்வையிட வந்த அதிகாரியும் என்னைப்போலவே சொன்னார். டீச்சர் விடவில்லை. "ஐயா, சட்டையை மடிச்சு விடுங்க. நீங்கதான் போடணும்." தோலோடு போட்டது மிதந்தது, உரித்தது முழுகியது. அந்த ஈரக் கையோடுதான் அவர் பரிந்துரை எழுதினார்.

விருது வந்தது. பிறகு நடந்ததென்ன? தொட்டி, காந்தம், தராசு, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் துடைத்துக் கண்ணாடி அலமாரியில் அடுக்கி, நடுவே விருதை நிறுத்திப் பூட்டினார்கள். 'தொடாதே' என்று அட்டை வேறு!

டீச்சர் சாவி கேட்டுப் போனபோது நானும் உடன் இருந்தேன்.

"விருது வாங்கின சாமான் டீச்சர் அது. பசங்க கை பட்டா என்னத்துக்கு ஆகும்?" என்றார் தலைமையாசிரியர்.

"பசங்க கை பட்டதாலதானே சார் விருதே வந்துச்சு?"

சாவி கிடைக்கவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, தன் சமையலறைப் பாத்திரங்களைச் சுமந்து வந்து பாடம் நடத்தினார். வந்த விருந்தினர்களோ அலமாரி முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்று டீச்சரின் படத்தையும் அதே அலமாரிக்குள் வைக்கப்போகிறார்களாம். ஆளையும் சேர்த்துப் பூட்டினால்தான் மனம் ஆறுமா?

இங்கே வரும்முன் அவர் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சப்ப, 'அலமாரியைத் திறந்துட்டாங்களா'ன்னு கேட்டா சார். ஆமான்னு பொய் சொல்லிட்டேன்."

அந்த மனிதரைக் கடைசி வரைக்கும் பொய்யராகவே விட்டுவிடப்போகிறோமா?

டீச்சரின் வகுப்பை நான் தொடர்ந்து நடத்துவேன். எனக்கு அறிவியல் தெரியாது. தப்பாகச் சொல்லத் தெரியும், அது போதும். இதோ, இப்போதே தொடங்குகிறேன். தலைமையாசிரியர் இன்றைக்கும் சாவி தரமாட்டார் என்று சொல்கிறேன். பிள்ளைகளே, நான் சொன்னது தப்பென்றால் யார் போய்த் திறக்க வேண்டும்?

தலைமையாசிரியர் ஐயா, சாவிக்காகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.