முன்னால் போகிறவன்

நீங்கள் சைக்கிளில் வேலைக்குப் போயிருக்கிறீர்களா? ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மழை வெயில் பார்க்காமல் வருடக்கணக்காக? போயிருந்தால் இதில் பாதியை நான் விளக்க வேண்டியிருக்காது.

கேள்வி விசாரணை அதிகாரிக்கு இல்லை. அவருக்கு நம் மொழி தெரியாது. "உன் மொழியிலேயே எழுது, மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்" என்று காகிதத்தை நீட்டினார். அந்த ஆள் நீங்கள். பெயரைச் சொல்ல மாட்டோம் என்றார்கள். பரவாயில்லை. நான் எட்டாவதோடு நின்றவன். பொட்டலம் கட்டி வரும் பழைய பேப்பர்களைப் படித்துத்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

எனக்கு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் லாண்டரியில் வேலை. ஈர விரிப்பின் ஒரு மூலையை நான் பிடிப்பேன், மறு மூலையை ஒரு அம்மா பிடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து சூடான உருளைக்குள் விடுவோம். அந்தப் பக்கம் காய்ந்து, மடிப்பில்லாமல் வெளியே வரும். பதினோரு வருடமாக அந்த அம்மாவோடு விரிப்பு பிடிக்கிறேன். அவர் பேசுவது எனக்குப் புரியாது. புரிந்தாலும் மெஷின் சத்தத்தில் கேட்காது. அறைக்கு வந்தால் நான்கு சுவர். ஊரில் அம்மா போன பிறகு போன் செய்வதற்கும் ஆளில்லை.

ஆகவே காலையில் ஆற்றோரப் பாதையில் போகும் நாற்பது நிமிடம்தான் என் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவேன். தண்ணீர்த் தொட்டி அருகில் ஒரு நர்ஸ் எதிரே வருவார், இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். தலையை அசைப்பார், நானும் அசைப்பேன். அடுத்து முன்கூடையில் நாயை உட்கார வைத்து ஓட்டும் கிழவர். அவர் என்னைப் பார்க்க மாட்டார், நாய் பார்க்கும். உடம்போடு ஒட்டிய சட்டை போட்ட ஒருவன், வழியில் மாடு நிற்கிற மாதிரி எனக்குப் பின்னால் மணி அடித்துக்கொண்டே கடந்து போவான். அவ்வளவுதான் என் ஜனம். ஒருமுறை நர்ஸுக்கு வேலை நேரம் மாறி ஒரு மாதம் வரவில்லை. அந்த மாதம் தொட்டியருகே இறங்கி நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். லாண்டரியில் தாமதத்துக்கு இரண்டு முறை எழுதி வாங்கினார்கள்.

பெயிண்டர் வந்தது நான்கு வருடத்துக்கு முன்பு. வழியில் என் செயின் கழன்றுவிட்டது. குனிந்து, "சனியனே, இன்னைக்குத்தானா உனக்குக் கழலணும்" என்று திட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் ஒரு குரல்.

"அண்ணே, அந்தச் சனியனை நான் மாட்டித் தரட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். வெளியில் நம் மொழியைக் காதால் கேட்டு எத்தனை வருடம். அவனுக்கு முப்பது வயது இருக்கும். ஒல்லி உடம்பு. அலமாரிக் கதவுகளுக்கு பெயிண்ட் அடிக்கும் தொழிற்சாலையில் வேலை. செயினை மாட்டிவிட்டு, கிரீஸ் கையை என் சைக்கிள் சீட்டிலேயே துடைத்தான். "உங்க கிரீஸ்தானே அண்ணே, உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டேன்" என்றான். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து போனோம்.

ஆற்றோரத்தில் காலையில் எதிர்காற்று. பெயிண்ட் புகை அவன் நெஞ்சைக் கெடுத்திருந்தது. காற்றை எதிர்த்து மிதித்தால் அவனுக்கு மூச்சு வாங்கும். அதனால் நான் முன்னால் போவேன். அவன் என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு, தலையைக் குனிந்து வருவான். காற்று முழுக்க என் நெஞ்சில் அடிக்கும், அவனுக்கு மிச்சம்தான். இப்படி ஒட்டிப் போவதற்கு ஒரு முறை உண்டு. பின்னால் வருகிறவனுக்குப் பாதை தெரியாது, முன்னால் போகிறவனின் முதுகும் கையும்தான் தெரியும். இடப்பக்கம் பள்ளம் என்றால் முன்னவன் இடது கையைத் தாழ நீட்டித் தரையைக் காட்ட வேண்டும். வலப்பக்கம் என்றால் வலது கை. உள்ளங்கையைக் கீழே அழுத்தினால், மெதுவாக வா என்று அர்த்தம். கை அசையவில்லை என்றால் பாதை சுத்தம். காட்டாமல் முன்னவன் கடைசி நொடியில் விலகினால் பின்னவன் நேராகப் போய் விழுவான். இதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான்.

நான்கு வருடம் அவன் கண்ணை மூடிக்கொண்டு என்னை நம்பினான். "உங்க முதுகைப் பாத்துக்கிட்டே வந்தா தூக்கமே வருது அண்ணே" என்பான். வாய் ஓயாது. பெண்டாட்டி போனில் திட்டியது, மகளுக்குப் பல் விழுந்தது, மேஸ்திரி வழுக்கையில் பெயிண்ட் தெறித்தது, எல்லாம் என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வருவான். காற்றில் பாதிதான் கேட்கும். கேட்காத பாதியை நான் லாண்டரியில் விரிப்பு பிடித்தபடி நிரப்பிக்கொள்வேன். அவன் நகத்தோரம் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து அந்த வாரம் என்ன நிறக் கதவு என்று சொல்லிவிடுவேன்.

இந்த வருடம் ஒரு திங்கட்கிழமை, பாலத்தடியில் நிறுத்தச் சொன்னான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"அண்ணே, விசா வந்துடுச்சு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வர்றாங்க."

"யாரு?"

"யாரா? பிரதமரும் அவர் சம்சாரமும். என்ன அண்ணே நீங்க, என் பொண்டாட்டியும் பொண்ணும்தான்."

"நல்லது தம்பி" என்றேன்.

"ஃபேக்டரி பக்கத்துலயே ரெண்டு ரூம் பாத்துட்டேன். இனிமே நடந்தே போயிடலாம். வெள்ளிக்கிழமையோட இந்தக் காத்துக்கு ஒரு கும்பிடு. என் சைக்கிளை நீங்களே வச்சுக்குங்க. ஞாயித்துக்கிழமை தோறும் சாப்பாடு நம்ம வீட்டுலதான், வரலேன்னா வந்து தூக்கிட்டுப் போவேன்."

அவன் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாரம் தவறாமல் கூப்பிட்டிருப்பான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேறு, காலை வேறு. ஞாயிற்றுக்கிழமை நான் விருந்தாளி. நாற்காலி போடுவார்கள், இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க என்பார்கள், கிளம்பும்போது வாசல்வரை வருவார்கள். காலையில் நான் முன்னால் போகிறவன். நான் இல்லாவிட்டால் அவனுக்கு மூச்சு வாங்கும்.

நான் யோசித்தது சின்ன விஷயம்தான். கால் பிசகினால் ஆறு வாரம் நடக்க முடியாது. புது வீட்டில் மாடி ஏற முடியாது. என் அறை தரைத்தளம். வருகிறவர்களுக்கு ஊர் தெரியாது, மொழி தெரியாது, நான்தான் எல்லாவற்றுக்கும் ஓட வேண்டும். காலில் கட்டோடு அவன் என் அறையில் படுத்திருப்பான், நான் வேலையிலிருந்து வந்ததும் அன்றைய கதையைச் சொல்வான். கட்டு பிரித்த பிறகும் கொஞ்ச நாள் நடக்கக் கூடாது, சைக்கிள் மிதிப்பது காலுக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்வார்கள். புதன்கிழமை ஒரு மெத்தையும் ஒரு ஜோடி ஊன்றுகோலும் வாங்கி வந்தேன். அவன் உயரத்துக்குச் சரியாக ஊன்றுகோலின் கட்டையை ஏற்றி வைத்தேன்.

பாதையில் வடிகால் வேலை நடந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் ஒரு இடத்தில் சிமெண்டுப் பலகையை எடுத்துவிட்டு, சிவப்பு நாடா கட்டிய இரும்பு ஸ்டாண்டை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்க அங்கே நான் கை காட்டினேன், அவனும் விலகி வந்தான். வியாழக்கிழமை மழை. பள்ளம் நிரம்பி, மற்றக் குட்டைகளைப் போலவே ஒரு குட்டையாகக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை அவன் புதுச் சட்டை போட்டு வந்தான். கடைசி நாளாம். நர்ஸ் எதிரே வந்தபோது அவருக்கும் கும்பிடு போட்டான். அவர் சிரித்துவிட்டார். இத்தனை வருடத்தில் நான் அவரைச் சிரிக்க வைத்ததில்லை.

"அண்ணே, பொண்ணு உங்களை என்னன்னு கூப்பிடணும்னு கேட்டா. பெரியப்பான்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"சரி" என்றேன். காற்றில் அவனுக்குக் கேட்டதோ இல்லையோ.

பள்ளத்தில் என் கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. கடைசி நொடியில் விலகினேன். வழக்கத்தைவிட வேகமாக மிதித்துக்கொண்டிருந்தேன். குளிருக்கு என்று எழுதலாம், ஆனால் அன்று குளிர் இல்லை. பின்னால் தண்ணீர் தெறிக்கும் சத்தமும், அதைத் தொடர்ந்து வேறொரு சத்தமும் கேட்டது. பள்ளத்தின் விளிம்பில் சிமெண்டு இருந்தது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் ஒரு கீறல்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் மதியம்வரை நினைவோடு இருந்தான். தலைக்குள் கசிகிறது, காத்திருந்துதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கைகளால் ஜாடை காட்டினார். அவன் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் எங்கள் லாண்டரியின் நீல நூல் தைத்திருந்தது. நகத்தோரம் பச்சை நிறம்.

"அண்ணே, நீங்க கை காட்டியிருப்பீங்க. நான்தான் பாக்கல. பொண்ணு நெனப்புல வந்துட்டேன்."

அவன் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. நான் பேசாமல் இருந்திருக்கலாம்.

"காட்டினேன் தம்பி" என்றேன். "நீதான் கவனிக்கல."

"பாத்தீங்களா" என்று சிரிக்கப் பார்த்தான். "அவகிட்ட சொல்லிடாதீங்க, கொன்னுடுவா."

இரண்டு மணிக்கு அவன் போன் அடித்தது. அவன் அப்போது கண் திறக்கவில்லை. நான் எடுத்தேன்.

"பெரியண்ணனா? உங்க குரலை இப்பத்தான் கேக்குறேன். அவர் எங்கே? பெட்டி எடை கூடிப்போச்சு, ஊறுகாயை எடுக்கவா, துணியை எடுக்கவான்னு கேக்கணும்."

"வேலையில இருக்கான்மா."

"அப்ப நீங்களே சொல்லுங்க அண்ணா."

"துணியை எடுத்துடும்மா" என்றேன்.

நான்கு மணிக்கு அவன் போய்விட்டான்.

பள்ளத்தின் முன்னால் ஸ்டாண்டு வைக்கவில்லை என்று வடிகால் வேலை பார்த்த ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். அவர் வைத்திருந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் மழையில் தனியாகத் திரும்பும்போது அதைத் தூக்கி நாணலுக்குள் போட்டது நான். நல்ல கனம். இரண்டு தடவை இறக்கி வைத்துத்தான் தூக்க முடிந்தது. அவருக்கு வேலையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி இதில் கட்டாயம் எழுதுங்கள்.

அவருக்காகத்தான் நானாக வந்து ஒப்புக்கொண்டேன் என்று அதிகாரி நினைக்கிறார். அதுவும் ஒரு காரணம்தான். எழுதிக் கொடுத்தால் நம் மொழி தெரிந்த ஒருவர் கடைசி வரிவரை படித்தே ஆக வேண்டும் என்பது இன்னொன்று. நீங்கள் எந்த வழியாக வேலைக்குப் போகிறீர்கள் என்று நான் கேட்கக் கூடாது. தெரியும்.

அவன் கெட்டுப்போக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஊன்றுகோல் இன்னும் உறை பிரிக்காமல் கட்டிலுக்கடியில் இருக்கிறது என்று எழுத வந்தேன். இல்லை, உறையைப் பிரித்துத்தான் கட்டையை ஏற்றினேன். மேலேயே சொல்லியிருக்கிறேன். சரியாக இருக்கட்டும்.

அதிகாரி கேட்ட கடைசிக் கேள்வி, மறுநாள் நான் என்ன செய்தேன் என்பது.

மறுநாள் சனிக்கிழமை, எனக்கு வேலை நாள். ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினேன். எதிர்காற்று இருந்தது. தண்ணீர்த் தொட்டியருகே நர்ஸ் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். பள்ளம் வந்ததும் இடது கையைத் தாழ நீட்டித் தரையைக் காட்டினேன். வேலைக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன்.