கொதிநீர் ஊற்றாத ஞாயிறுகள்

"தண்ணி நல்லாக் கொதிக்க வேணும், றெஜினா. இந்த ரவை விடுற உப்பு எண்ணெயில கரையாது."

"தேத்தண்ணிக்குக்கூட நீங்கள் இவ்வளவு பாக்கிறேல்லை."

"தேத்தண்ணி பிழைச்சால் வேற போடலாம். குழல் கறள் பிடிச்சால் துவக்கு முடிஞ்சுது."

என் கணவர் கிறிஸ்துநாயகம் எதையும் பொறுமையாகச் சொல்லித் தருவார். லண்டன் இல்ஃபோர்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்த துப்பாக்கிக் கழகத்துக்கு ஞாயிறுதோறும் போவோம். பழைய பட்டாள றைஃபிள், மலிவாகக் கிடைத்த பழைய பட்டாளத் தோட்டாக்கள்; அந்த ரவைகள் சுடச்சுடக் குழலில் உப்பை விடும். அவர் சுட்டு முடித்ததும் கழகத்திலேயே அதைத் துப்புரவு செய்வது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. குழலுக்குள் முதலில் உப்பைக் கரைக்கக் கொதிநீர், பிறகு துணி, கடைசியில் துரு ஏறாமல் எண்ணெய்.

திருமணமாகி முப்பத்தொரு வருடம். சட்டைப் பொத்தானைத் தானே தைப்பார். காய்ச்சலிலும் தானே எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பார். என்னிடம் எதையுமே கேட்டதில்லை.

அதனால் கொதிநீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டேன். எண்ணெயை மட்டும் தாராளமாகப் பூசினேன்.

"ஊத்தினீரோ?" என்பார்.

"ஓம்" என்பேன்.

குழலுக்குள் அவர் ஒருமுறை பார்த்திருந்தால் போதும், கறள் தெரிந்திருக்கும். ஆனால் மனைவி செய்த வேலையைச் சோதிப்பது மரியாதையில்லை என்று நினைப்பவர்.

குளிர்காலம் முடிவதற்குள் குண்டுகள் இலக்கில் படாமல் அங்குமிங்கும் போகத் தொடங்கின. கழகத்து றூபன் சிரித்தான்: "அண்ணை, இலக்கு முன்னுக்கு நிக்குது. நீங்கள் அங்கால கொல்செஸ்டர் ஊருக்கு அடிக்கிறியள்."

அன்று காரில் மெதுவாகச் சொன்னேன்: "உங்கட கை நடுங்குதப்பா."

நடுங்கவில்லை. ஆனாலும் தினமும் சொன்னேன், அன்பாகத்தான். மருத்துவர் ஒன்றுமில்லை என்றார். ஆரம்பத்தில் அப்படித்தான் சொல்வார்கள் என்றேன். மே மாதம் உண்மையாகவே நடுங்கியது. கார் ஓட்டுவதை விட்டார். றைஃபிளைக் கழகத்திடமே ஒப்படைத்தார்.

மறுவாரம் றூபன் போன் எடுத்தான். "அக்கா, குழல் முழுக்கக் கறள். அண்ணையின்ர கையில ஒரு பிழையுமில்லை. உடனே அவரிட்டச் சொல்லுங்கோ."

"நான் சொல்லுறன். நீர் ஒண்டும் கதைக்க வேண்டாம்" என்று வைத்துவிட்டேன்.

சொல்லவில்லை. சொன்னால் அவர் மறுபடியும் எல்லாவற்றையும் தானே செய்துகொண்டு தனியாகிவிடுவார். அவரை இந்த அளவுக்கு யாரும் நேசித்ததில்லை.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, பூட்ட முடியாத பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழுதிருந்தார். அருகில் போய் நின்றேன். அவசரப்படுத்தவில்லை.

"றெஜினா," என்றார், "கொஞ்சம் தண்ணி பருக்கிவிடும்."