ஒளி புகாத துணி

அகலமான ஜன்னலுக்குத் திரை வாங்குவது கடைக்குப் போய்ப் புடவை எடுப்பதுபோல் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். வீட்டிலேயே இருந்து, வெயில் எப்போது எங்கே விழுகிறது, எவ்வளவு தூரம் உள்ளே வருகிறது என்று பார்த்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். யோசிக்காமல் வாங்கிவிட்டேன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

எங்களுடையது திருவொற்றியூரில் கடலைப் பார்த்த வீடு. இரண்டாவது மாடியில் ஹால். அதன் கிழக்குச் சுவர் பதினெட்டு அடிக்கும் ஒரே கண்ணாடி. கட்டியவர் என் மாமனார் வெள்ளத்துரை. கல்மண்டபத்தில் இருக்கும் மளிகை மொத்தக் கடையும் அவர் உண்டாக்கியதுதான். இப்போது என் கணவர் பாலகணேஷ் நடத்துகிறார். கல்யாணமாகி வந்த புதிதிலேயே அந்தக் கண்ணாடிக்கு ஒரு திரை கேட்டேன். எதிரே ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நிற்கும். டிரைவர்கள் பொழுது போகாமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாமா சம்மதிக்கவில்லை. "வெளிச்சத்த மறைக்கப்பிடாது தாயி," என்பார். அதட்டிச் சொல்ல மாட்டார். அவர் என்னை ஒருநாளும் அதட்டியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் மறைக்கக் கூடாது என்பது எனக்கு ஒரு புயல் நாளில் தெரிந்தது. மதியமே வானம் கறுத்துக் கரன்ட் போய்விட்டது. இன்வர்ட்டரும் கொஞ்ச நேரத்தில் உயிரை விட்டது. என் கணவர் கடையில் மாட்டிக்கொண்டார். மெழுகுவத்தி தேடலாம் என்று நான் எழுந்தபோது மாமா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"எம்மா, எங்கயும் போயிராத," என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். ஊரிலிருந்து வேலைக்கு வந்த சிறு வயதில் ஒரு வெல்ல மண்டியில் இருந்தாராம். ஏதோ காணாமல் போனதற்கு முதலாளி அவரைக் கிடங்கில் தள்ளிப் பூட்டிவிட்டு வெளியூர் போய்விட்டார். அவர் திரும்பி வந்து திறக்கும்வரை உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. எலிகள் இருந்தன. மாமா என் கையை எடுத்துத் தன் இடது குதிகாலில் வைத்தார். சதை குழிந்திருந்தது.

"கடிக்கதுகூடப் பெருசில்ல தாயி. அடுத்து எங்க கடிக்கும்னு தெரியாமக் கெடக்கணும் பாரு, அதுதான் பயம். பயலுக்குக்கூட இது தெரியாது. உங்கிட்டதான் சொல்லுதேன்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். சொல்லவும் இல்லை.

போன வருஷம் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து, அவருக்குப் பிடித்த இடமாயிற்றே என்று கண்ணாடிக்கு நேராகக் கட்டில் போட்டோம். வேலைக்கு வரும் குணசுந்தரி காலையில் அவரைப் புரட்டித் துடைக்க உதவுவாள். பக்கத்துக் குப்பத்துப் பெண். அவள் வீட்டுக்காரர் போட்டில் கடலுக்குப் போகிறவர். அவள் கிளம்பிய பிறகு, என் கணவர் கடை சாத்திவிட்டு வரும்வரை, வீட்டில் மாமாவும் நானும்தான்.

அவர் தொல்லை கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். நான் ஹாலை விட்டு நகர்ந்தால் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார், அவ்வளவுதான். கையில் மோதிரம். டங், டங் என்று கேட்கும். ஓடி வந்து நின்றால் நிறுத்திவிடுவார். என்ன மாமா வேண்டும் என்று கேட்டால் ஒன்றும் வேண்டாம். என் முகத்தையே பார்ப்பார். அடுப்படிக்குப் போனால் டங். குளிக்கப் போனால் டங். மோதிரத்தைக் கழற்றி வைத்தேன். விரல் முட்டியாலேயே தட்டினார். அவர் தூங்கும்போதும் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கத் தொடங்கியது. குளியலறையில் தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தட்டுகிறாரா இல்லையா என்று மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருப்பேன். உண்மையைச் சொல்வதென்றால் மேடம், அந்த வீட்டில் முதலில் பயந்தவள் நான்தான்.

திரை போடலாம் என்று சொன்னது என் கணவர். சித்திரை வெயில் நேராகக் கட்டில்மேல் விழுந்தது. டாக்டரும் கண் கூசாமல் வையுங்கள் என்றிருந்தார். "ஒனக்குப் பிடிச்சதா போட்டுக்க ராமு. மோட்டார் வச்சதே போடு, அவ்வளவு பெருச நீ கையால இழுக்க முடியாது," என்றார். ராமு என்றுதான் என்னைக் கூப்பிடுவார். நல்ல மனிதர். எதிலும் தலையிட மாட்டார்.

மண்ணடியிலிருந்து காஜா மொய்தீன் என்பவர் மாதிரித் துணிகளோடு வந்தார். சல்லடை மாதிரி நெய்த ஒரு துணியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக் காட்டினார்.

"ஹாலுக்கு இதான்க்கா சரி. சூடு வராது, கடலும் தெரியும். பெரியவரு படுத்துக்கினே பார்க்கலாம்."

நான் அடுத்த துணியைக் கேட்டேன். அது பின்பக்கம் ரப்பர் மாதிரிப் பூச்சுப் பூசியது. அதன் பின்னால் ஃபோன் டார்ச்சை அடித்துக் காட்டினார். எங்கே வெளிச்சம் இருக்கிறது என்றே தெரியவில்லை.

"இது பிளாக்அவுட்டு. வூட்டுல சினிமா பாக்குற ரூமுக்குப் போடுவாங்க. இங்க போட்டீங்கன்னா பட்டப்பகல்லயே கும்மிருட்டாயிடும்க்கா."

மாமா கம்பியைத் தட்டத் தொடங்கினார்.

"வேணாங்கறாரு போல," என்று சிரித்தார் காஜா மொய்தீன்.

"அவர் இப்ப எல்லாத்துக்கும் தட்டுவார்," என்றேன். "பகல்ல கொஞ்சம் தூங்கட்டும்னுதான்."

இவ்வளவு அகலத்துக்குத் திரையைச் சுற்றிவைக்கும் உருளை ஒன்றே என்றால் நடுவில் தொய்யும், மூன்றாகப் பிரித்து மாட்டலாம் என்றார். பிரித்தால் நடுவில் இடைவெளி வருமா என்று கேட்டேன். விரல் அளவுக்கு வரும், அதன் வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் கசியும் என்றார். அப்படியானால் தடிமனான குழாய் போட்டு ஒரே திரையாகச் செய்யச் சொன்னேன். ஓரங்களில் வெளிச்சம் வராமல் இருக்க, சுவரோரம் அலுமினியப் பள்ளம் அடித்துத் துணியின் விளிம்பை அதற்குள் ஓடவிடலாம் என்றார். அதற்கும் சரி என்றேன். அவ்வளவு நீளக் குழாய் மாடிப்படியில் திரும்பவில்லை. குப்பத்துப் பையன்கள் கயிறு கட்டி வெளிப்பக்கமாக மேலே இழுத்தார்கள். கண்ணாடிக்கு அப்பால் அது ஆடி ஆடி ஏறிவருவதை மாமா படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

மோட்டாரை ரிமோட்டிலும் இயக்கலாம், ஃபோனிலும் இயக்கலாம். வேகத்தையும் நமக்கு வேண்டியபடி வைத்துக்கொள்ளலாம். இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் வைக்கச் சொன்னேன். சட்டென்று இருட்டினால் வயதானவருக்கு நெஞ்சு தாங்காது இல்லையா. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால், வருகிறது என்று அவருக்கும் தெரியும்.

அன்று மாலையே, அவர் தட்டியபோது, ரிமோட்டை அழுத்தினேன். திரை கடலின் கோடு வரை இறங்குவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. நான் வேண்டிய மட்டும் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். வெளியே வந்து திரையை ஏற்றியபோது அவர் கன்னம் ஈரமாக இருந்தது. துடைத்துவிட்டேன்.

அதன் பிறகு அடிக்கடி அழுத்த வேண்டியிருக்கவில்லை. ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாலே போதும், கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார். சாப்பாட்டைத் துப்புவதையும் விட்டார். பெரியவர் எவ்வளவு அமைதியாகிவிட்டார், மருமகள் கைராசி என்று பார்க்க வந்த சொந்தக்காரர்கள் சொன்னார்கள்.

குணசுந்தரி மட்டும் ஒருநாள், துணி உலர்த்தப் போகிறவள் நின்று சொன்னாள்: "யம்மா, அந்த மோட்டார் சத்தம் கேட்டாலே பெருசுக்கு ஒடம்பு உதறிகினு கீது. இருட்டுன்னா அதுக்கு ஆவாதும்மா. ஓரமா கொஞ்சம் தொறந்து வையேன்."

திறந்து வைக்கிற மாதிரி அதைச் செய்யவில்லை என்றேன்.

வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்குப் போனேன். கிளம்பும்போது திரையை முழுக்க இறக்கினேன். நான் இல்லாதபோது அவர் தட்டினால் கீழே வாடகைக்கு இருப்பவர்களுக்குத் தொந்தரவு. தரிசனம் முடித்து நேராக வீட்டுக்குத்தான் வந்தேன். ஆனால் வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, கடலோரக் கற்களில் போய் உட்கார்ந்தேன். நல்ல காற்று. எத்தனையோ வருஷமாக உள்ளேயிருந்தே பார்த்த கடலை முதல்முறை வெளியில் உட்கார்ந்து பார்த்தேன். பின்னால் திரும்பினால் எங்கள் ஜன்னல் கறுப்பாக இருந்தது. பிரசாதத்தைச் சாப்பிட்டேன்.

ஹாலில் ஒரு கேமரா உண்டு. கடையிலிருந்தே அப்பாவைப் பார்க்கலாம் என்று என் கணவர் மாட்டியது. கொஞ்ச நாள் பார்த்தார், பிறகு வியாபாரம். என் ஃபோனிலும் அது தெரியும். இருட்டிலும் சாம்பல் நிறத்தில் தெளிவாகக் காட்டும். அதைத் திறந்தேன்.

மாமா கட்டிலில் இல்லை. கீழே விழுந்து, இடது கையை ஊன்றி ஊன்றி, கண்ணாடியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார். நடுநடுவே நின்று இடது காலை இழுத்து இழுத்து உதறினார். முதலில் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அது எலி இல்லாத வீடு, மேடம். நான் சுத்தமாக வைத்திருக்கிறேன்.

அப்போது குணசுந்தரி கூடையோடு அந்தப் பக்கம் வந்தாள்.

"இன்னாமா, பெருச தனியா வுட்டுட்டு இங்க குந்திகினு கீற? வூடு ஒரே இருட்டா கீது?"

"தூங்குறார்," என்றேன்.

அவள் குனிந்து என் ஃபோனைப் பார்த்தாள். கூடையை அப்படியே கல்மேல் வைத்துவிட்டாள்.

"அது கீழ வுழுந்துகீதும்மா. சாவியக் குடு, நான் ஓடறேன்."

சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

"வேண்டாம் குணா. கொஞ்ச நேரத்துல அடங்கிடுவார். எப்பவும் அப்படித்தான்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். மாமாவின் கண்ணில் நான் தினமும் பார்த்த அதே பார்வை. பிறகு லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடினாள். அவள் ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைக்க நேரமாகும் என்று எனக்குத் தெரியும். தேக்குக் கதவு.

திரையை ஏற்றும் பொத்தானும் அதே ஃபோனில்தான் இருக்கிறது. அதை நான் மறந்துவிடவில்லை. மறந்திருந்தேன் என்று எழுத வேண்டாம். மாமா கண்ணாடியருகே வந்து துணியின் ஓரத்தைப் பிடித்து விலக்கப் பார்த்தார். அது பள்ளத்துக்குள் ஓடுகிற துணி, விலகாது. காஜா மொய்தீன் சுத்தமான வேலைக்காரர். அந்த ஓரத்திலேயே மாமா விரல் முட்டியால் தட்டினார். ஃபோனில் சத்தத்தை நான் கூட்டவில்லை. கேமரா இருக்கும் மூலையை நோக்கி ஒருமுறை திரும்பி வாயைத் திறந்தார். அதன் பிறகு கால் உதறுவது நின்றது. கடைசியாகக் கையும் நின்றது.

பயத்தில் நெஞ்சு நின்றுபோனது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கும். எதற்குப் பயப்படுவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தத் துணியை எடுத்தேன், தெரிந்துதான் இறக்கினேன். இதில் கையெழுத்துப் போட எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். பெரியவரைத் தனியாகத் தவிக்க விட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று என் கணவர் சொன்னதாக இதில் இருக்கிறது. அது சரியில்லை மேடம். பெற்ற பிள்ளை கடையில் இருந்தார். கடைசி மூச்சு வரைக்கும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்துக்கொண்டது நான்தான்.