மரியஜோசப் இசையை நிறுத்திய ஞாயிறு

அவைக்குத் தலைமை தாங்கி அழகு சேர்க்கும் ஐயா மாயாண்டி அவர்களே, ஈப்போவின் எட்டுத் திசையிலிருந்தும் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையை ஒதுக்கிவைத்து விழாவுக்கு வந்திருக்கும் தாய்மார்களே, அன்று என்னோடு ஆடி இன்று முழங்காலுக்குத் தைலம் தேய்க்கும் தோழர் தோழியரே, எழுபது வயது நிறையும் எங்கள் டிஜே மரியஜோசப் அண்ணன் அவர்களே, அனைவருக்கும் டோரிஸின் அன்பு வணக்கம்!

அண்ணனின் இசையைப் பலரும் புகழ்ந்துவிட்டார்கள். ஒரு பாட்டின் வாலை மறு பாட்டின் தலையோடு அவர் முடிச்சுப் போட்ட வித்தையைச் சொன்னார்கள். நானோ, அவர் இசையை நிறுத்திய ஒரு நாளைச் சொல்ல வந்திருக்கிறேன்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு. நானும் நல்லம்மாளும் ஈப்போவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவள் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த பெண். தலை குனிந்தால் பற்றவைக்க வேண்டிய மின்கம்பி. தலை நிமிர்ந்தால் மேற்பார்வையாளர். பேசினால் குற்றம், எழுந்தால் குற்றம். வாரம் முழுக்க இப்படி என்றால், ஞாயிற்றுக்கிழமை? டிஸ்கோவில் இளையோருக்கான பகல் ஆட்டம்! மது கிடையாது; ஆரஞ்சுத் தண்ணீர் உண்டு. வண்ண விளக்கு உண்டு. கண்ணாடிக் கூண்டுக்குள் மரியஜோசப் அண்ணன் உண்டு. கை தட்டுகிறீர்கள், அன்றைய அவர் தலைமுடியைப் பார்த்திருந்தால் இன்னும் பலமாகத் தட்டியிருப்பீர்கள்!

அங்கே எந்தத் தோட்டம் என்று கேட்பாரில்லை, எந்தக் கோயில் என்று கேட்பாரில்லை. நல்லம்மாள் ஆடத் தொடங்கினால், சுற்றி நிற்பவர்கள் தாமாக இடம் விட்டு விலகுவார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, கதவு படாரென்று திறந்தது. அவளுடைய அண்ணன் பிச்சைமுத்து! தோட்டத்தில் யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள். நேரே வந்து தங்கையின் கையைப் பிடித்தார். வாய் அசைகிறது, இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வாயிற்காவலன் ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தான். நான் கூண்டுக்கு ஓடி, வந்திருப்பது அவள் அண்ணன் என்று சொன்னேன்.

இசை நின்றது.

கூண்டைவிட்டு இறங்கி வந்த மரியஜோசப் அண்ணன், காவலனிடம், "கைய எடு லா. அவரு அந்தப் பொண்ணோட அண்ணன்" என்றார். பிச்சைமுத்துவிடம், "அண்ணே, சொல்ல வந்தத சொல்லுங்க. தங்கச்சியும் பேசட்டும், கேளுங்க" என்றார்.

"வீட்டுக்கு வா. லயத்துல தல காட்ட முடியல" என்றார் பிச்சைமுத்து.

நல்லம்மாள் கையை உதறவில்லை. அழவும் இல்லை.

"வாரேண்ணே. ஆனா ஒண்ணு கேக்குறேன். வாரம் பூரா கம்பெனிக்காரன் சொல்ற மாதிரி இந்தக் கை ஆடுது. அது உனக்குப் பெருமையா இருக்கு. இன்னிக்கு எனக்குப் புடிச்ச மாதிரி ஆடுனா, அது மட்டும் எப்படிண்ணே அசிங்கமாச்சு?"

பிச்சைமுத்து கையை விட்டார். ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போலாம்" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஞாயிறு நல்லம்மாள் வரவில்லை. இனி வரமாட்டாள் என்று நாங்கள் நினைத்துவிட்டோம். அதற்கடுத்த ஞாயிறு வந்தாள். பின்னாலேயே, இஸ்திரி போட்ட சட்டையில் பிச்சைமுத்து! ஆடினாரா என்கிறீர்களா? அவரா! நாற்காலியைவிட்டு எழவே இல்லை. ஆனால் கால் தாளம் போட்டது. மறுக்காதீர்கள் பிச்சைமுத்து அண்ணே, மூன்றாம் வரிசையில் நீங்கள் இல்லையென்று தலையாட்டுவது இங்கிருந்தே தெரிகிறது!

எண்பத்திரண்டில் பாகான் செராயிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா, "பொண்ணு டிஸ்கோவுக்கெல்லாம் போகுமாமே?" என்று இழுத்தார். பலகாரத் தட்டோடு நின்ற நான் அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன்.

பிச்சைமுத்து அண்ணன் நிமிர்ந்து சொன்னார்: "ஆமா, போகும். நாந்தான் கூட்டிட்டுப் போவேன்."

அந்தச் சம்பந்தம் முறிந்தது. முறியட்டுமே! பிறகு வந்த ஜெயபாலன், "எனக்கும் ஆடச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அவரைத்தான் அவள் மணந்தாள்.

அன்பர்களே, அண்ணனும் தங்கையும் ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். ஆனாலும் அவள் மனதை அவர் அதுவரை கேட்டதே இல்லை. அன்பு இல்லாமலா? அன்பு இருந்தது, காது கொடுத்துக் கேட்க நேரந்தான் இல்லை. நம் வீட்டு மகள் என்ன சொல்கிறாள்? நமக்குத் தெரியுமா? தெரியும் என்று சொல்லத் துணிவு உண்டா? கோபம் வந்தால் கோபப்படுங்கள். ஆனால் முதலில் கேளுங்கள்! மறுக்க நினைத்தால் மறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் கேளுங்கள்!

மணியடிக்காமல் என்னைப் பேசவிட்ட தலைவருக்கும், பசியோடு பொறுத்திருந்த உங்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. மரியஜோசப் அண்ணன் நூறாண்டு நலமாக வாழ்க! வணக்கம்.