டிரம் சுடுகிறது

– கையை உள்ள விடுங்க. முழங்கை வரைக்கும் விடுங்கன்றேன்.

– உனக்கென்ன பைத்தியமா? விடிஞ்சா வீட்டைக் காலி பண்ண வண்டி வந்து நிக்கும். சமையல் சாமான் இன்னும் கட்டல. நீ மொட்டை மாடில நின்னு உரக் குப்பை டிரம்மோட விளையாடிட்டிருக்க.

– நான் கையை விட்டுப் பாத்துட்டுதான் உங்கள மேல கூப்பிட்டேன்.

– அதுக்கென்ன இப்ப, விட்டாப் போச்சு… ஏய். இது சுடுது.

– சுடுதுல்ல? சுடுதுல்ல?

– ரொட்டி அடுப்ப அணைச்சுக் கொஞ்ச நேரம் கழிச்சுக் கை வச்சா இருக்குமே, அந்தச் சூடு. வெந்நீர் எதுவும் ஊத்தினியா?

– ஆமா, வீட்டைக் காலி பண்ற நேரத்துல குப்பைக்கு வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டுறேன். ஏங்க, எங்கம்மா கால ஒடச்சுக்கிட்டாங்கன்னு நாம ஊருக்குப் போயி, இன்னைக்குத் திரும்பி வர ஒரு மாசம் இருக்குமா? கிளம்புறப்ப இது பாதி டிரம்தான். தொட்டா சில்லுன்னு இருந்துச்சு. தோலு, சருகுன்னு தீனி போட்டு மக்க விட்டாத்தான் சூடு, இல்லேன்னா சுத்தமா ஆறிடும்னு நீங்கதானே சொன்னீங்க?

– சொன்னேன்.

– இப்பப் பாருங்க. வாய் வரைக்கும் நிறைஞ்சு ஆவி பறக்குது.

– அப்ப யாரோ தினம் போட்டிருக்காங்க. சும்மா கொட்டல, கிளறியும் விட்டிருக்காங்க. அடி வரைக்கும் காத்து போயிருக்கு. பக்கத்து வீட்டுக்காரரா இருக்கும்.

– மாடிப் படி நம்ம கட்டடத்து வாசலுக்குள்ள இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் பறந்தா வந்தார்?

– யாரா இருந்தா என்ன? இதைக் கொட்டிக் கழுவி, சாமானோட ஏத்தணும். நகரு.

– கொட்டுறதுக்கு முன்னாடி இந்த வாழைப்பழத் தோலைப் பாருங்க. ஓரத்தைப் பாருங்க.

– பல்லுப் பல்லா இருக்கு. எலி கடிச்சிருக்கும்.

– எலி அளவெடுத்தா கடிக்கும்? எல்லாம் விரலகலத் துண்டு. ஆரஞ்சுத் தோலும் அப்படியே. இது கத்திரிங்க. துணி ஓரத்துல நூல் பிரியாம இருக்க, பல்லு வச்ச கத்திரில வெட்டுவாங்களே, அது. கீழ் வீட்ல அந்தக் கத்திரி யார்கிட்ட இருக்கு?

– அண்ணனா? வாய்ப்பே இல்ல. தையல் கத்திரியத் துணியைத் தவிர வேற எதுலயும் வைக்கமாட்டான். சின்ன வயசுல நான் அதுல காகிதம் வெட்டி வாங்கின அடி எனக்குத்தான் தெரியும்.

– சரி, அப்ப சருகுக்குப் பதிலா என்ன போட்டிருக்குன்னு பாருங்க. நானும் முதல்ல இலைன்னுதான் நினைச்சேன். துணிங்க. பொடிப்பொடியா துணுக்கு.

– குடு இப்படி… பருத்தி. இதுவும் பருத்தி. இதுவும்.

– நான் தேடாத இடமில்ல. நைலான் துண்டு ஒண்ணு, பாலியஸ்டர் நூல் ஒண்ணு கிடையாது. அவர் தையல் கடையில கூட்டி அள்ளினா எல்லாம் கலந்துதானே வரும்? எது மக்கும், எது மக்காதுன்னு ஒவ்வொண்ணா தடவிப் பாத்துப் பிரிச்சிருக்கார்.

– சாயங்காலமானா பொடிசா இருக்கிறது எதுவும் அவன் கண்ணுக்குச் சரியாத் தெரியாதேடி.

– அதான் தடவிப் பாத்துன்னு சொல்றேன்.

– இந்தப் பூப்போட்ட துணியைப் பாரு. துணி மண்ணாயிடுச்சு, பூ மட்டும் இன்னும் நிக்குது.

– அன்னைக்குச் சண்டையில நீங்க அவரைச் சொன்னது ஞாபகம் இருக்கா?

– எல்லாம் இருக்கு. அப்ப டிரம் பால்கனில இருந்துச்சு. எலி வரும்னு காத்து ஓட்டையெல்லாம் மெழுகு வச்சு அடைச்சேன். சோறும் மீனுமாப் போட்டு இறுக்கி மூடினேன். மூச்சு முட்டி அழுகி, டிரம்மோட அடி விட்டு, அந்தத் தண்ணி கீழ அவன் தச்சுத் தொங்கவிட்ட கல்யாண உடுப்பு மேல வழிஞ்சது. அந்தப் பொண்ணு கல்யாணத்தன்னைக்கு யாரோடதையோ இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு நின்னுது. குப்பை வளக்கிறவனோட எனக்கென்ன பேச்சுன்னு சொல்லிட்டான்.

– அது அவர் சொன்னது. நான் நீங்க சொன்னதைக் கேட்டேன்.

– …நீ தைக்கிறது மட்டும் என்ன, நாளைக்கு அதுவும் குப்பைதானேன்னு சொன்னேன்.

– அதுக்கப்புறம் வருஷம் ஒண்ணு தாண்டியாச்சு. உன் வீட்டுக்காரன்கிட்ட மோட்டார அணைக்கச் சொல்லும்மான்னு எங்கிட்ட சொல்வார். நீங்க எதிர்லயே நிப்பீங்க. சிரிக்கிறதா அழுறதான்னு தெரியாம நான் நடுவுல நிப்பேன்.

– முன்னெல்லாம் மண்டுன்னு கூப்பிடுவான். உலகத்துலயே அவன் ஒருத்தன்தான் அப்படிக் கூப்பிடுறது.

– தெரியாமலா கூப்பிட்டார்? கீழ போய்ப் பேசுங்க.

– என்னன்னு பேசுறது? புது வீட்டுச் சாவியக் கையில வாங்கியாச்சு.

– வாங்கின கைக்குத் திருப்பிக் குடுக்கத் தெரியாதா?

– நாம போறது அவனுக்கும் தெரியும். போறவனுக்கு நிறைச்சுக் குடுத்து அனுப்புறானோ என்னவோ.

– ஷ்ஷ். படில யாரோ வர்றாங்க.

– அவனேதான். அந்த நடை எனக்குத் தெரியும். மூடு, டிரம்ம மூடு. தண்ணித் தொட்டிக்குப் பின்னால போயிடலாம்.

– நம்ம மாடில நாம ஒளியணுமா? மூடியாச்சு, பேசாம நில்லுங்க. கையைத் துடைக்காதீங்க… வாங்க மாமா.

– வந்துட்டீங்களாம்மா? அம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு?

– நடக்குறாங்க மாமா. என்ன, ரெண்டு கையிலயும் வாளி?

– ஒண்ணுல காய்கறித் தோல். இன்னொண்ணு கடைத் துணுக்கு. பிரிச்சதுதான், பயப்படாத. நடுவுல கொஞ்சம் ஆறிப் போச்சும்மா. காஞ்சது அதிகமாயிடுச்சு போல. ஈரம் சேத்ததும் மறுபடி சூடு புடிச்சுக்கிச்சு.

– பல்லுக் கத்திரிய மழுங்க வச்சுட்டீங்களே.

– மழுங்கினா சாணை பிடிச்சுக்கலாம்.

– இதெல்லாம் உங்களுக்கு யார் மாமா சொல்லிக் குடுத்தாங்க?

– யார் சொல்லணும்? கெடுத்தவன் என்னென்ன பண்ணினானோ, எல்லாத்தையும் தலைகீழாப் பண்ணிப் பாத்தேன். வந்துடுச்சு.

– அதை அவர்கிட்டயே சொல்லுங்க. பக்கத்துலதான் நிக்கிறார்.

– நிக்கிறது தெரியுது. முழங்கை வரைக்கும் கறுப்பா நிக்கிறதும் தெரியுது.

– அப்ப வழக்கம்போல நானே சொல்லிடட்டுமா மாமா? ஏங்க, உங்க அண்ணன் என்ன சொல்றார்னா…

– நீ இரும்மா. எனக்கு ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கு. மண்டு, அந்த மூடியைக் கொஞ்சம் தொறடா.