மாமாவின் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்காதீர்கள்

மின்விசிறி ஓடாத மண்டபத்திலும் புன்னகை வாடாமல் வீற்றிருக்கும் அவைத் தலைவர், வணிகர் சங்கப் பெரியவர் அவர்களே! மாலைகளின் கனத்தில் முகம் மறைந்து, மூச்சு மட்டும் தெரிய அமர்ந்திருக்கும் விழா நாயகர், மேசை நாற்காலிக் கடை அதிபர், ஊருக்கெல்லாம் மாமாவான வேட்டை மாமா அவர்களே! பொறுமையின் சிகரங்களான தாய்மார்களே! முன்வரிசைப் பெரியோர்களே! இடம் கிடைக்காமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் தம்பிமார்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த வணக்கம்!

வாசலில் ஒரு பதாகை பார்த்தேன். "சிறை மீண்ட செம்மலே, வருக!" எதற்காகச் சிறை சென்றார் இந்தச் செம்மல்? மொழிக்காகவா? மண்ணுக்காகவா? மக்களுக்காகவா? இல்லை, தோழர்களே, இல்லை! தங்கை மகளின் கல்யாண வரவேற்பில் வானத்தைப் பார்த்துச் சுட்டதற்காக! அவருக்காக வழக்காடித் தோற்ற வக்கீல் நான்.

கைதட்டாதீர்கள் ஐயா, தோற்றேன் என்றுதான் சொன்னேன்.

பறிமுதலான துப்பாக்கியையும் ரத்தான உரிமத்தையும் மாமாவிடமே திருப்பித் தரவேண்டும் என்று இன்று ஒரு தீர்மானமாம். அதை வழிமொழிய என்னை அழைத்தார்கள். வழிமொழிவது இருக்கட்டும், முதலில் நடந்ததை மொழிகிறேன்.

வேட்டை மாமா என்றதும் புலித்தோலைத் தேடாதீர்கள். அவர் சுட்டு ஒரு கொசு விழுந்ததாகக்கூட வரலாறு இல்லை. கடையில் ஒருமுறை திருடன் புகுந்தான். அந்தப் பயத்தில் பாதுகாப்புக்கென்று உரிமம் வாங்கினார், துப்பாக்கி வாங்கினார். பீரோவில் அத்தையின் துணிமணிகளுக்கு நடுவே அது நிம்மதியாகத் தூங்கியது.

வந்தது வரவேற்பு. மாப்பிள்ளை வீட்டார் ஒரு வாத்தியக் குழுவையே இறக்கிவிட்டார்கள். ஊதினார்கள், முழக்கினார்கள், ஊரே திரும்பிப் பார்த்தது. மாமாவுக்கு மானம் கொதித்தது. வீட்டுக்கு ஓடினார். துப்பாக்கியோடு திரும்பினார். வீடியோ எடுப்பவரை அழைத்தார்.

"தம்பி, நல்லா கவர் பண்ணுங்க. படம் மெதுவா ஓடணும். பின்னால பாட்டு வரணும்."

அத்தை பதறினார். "என்னங்க இது, கல்யாண வீட்டுல? உள்ள வைங்க!"

"ஒண்ணும் ஆகாதுடி. மேலதானே சுடறேன்!"

சுட்டார்! மேடையில் ஒருவர், "மணமக்கள் பல்லாண்டு..." என்று வாழ்த்திக்கொண்டிருந்தார். குண்டு கம்பத்து ஒலிபெருக்கியைத் துளைத்தது. வாழ்த்து பாதியில் செத்தது. இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்த கூட்டம் என்ன செய்தது? ஓடியதா? ஒளிந்ததா? கைதட்டியது!

கைதட்டலைக் கேட்டுப் பொறுத்துக்கொள்ளும் மனிதன் உண்டா? மாமா கூட்டத்தைப் பார்த்துக் குனிந்து வணங்கினார். வணங்கிய கையோடு இன்னொரு முறை சுட்டார். குனிந்தவர் கையில் துப்பாக்கியும் குனிந்திருந்தது. குண்டு மதிலைத் தாண்டியது. அடுத்த சந்தில், தையல்கார அக்கா வீட்டுத் தகரக் கூரைக்குள் நுழைந்தது.

ஆய்வாளர் வந்தார். மாமா ஓடி வரவேற்றார்.

"வாங்க சார், முதல்ல சாப்பிடுங்க."

"துப்பாக்கிய கீழ வைங்க. அப்புறம் சாப்பாட்டப் பத்திப் பேசலாம்."

"நான் வானத்தத்தானே சுட்டேன்? வானமா வந்து புகார் குடுத்துச்சு?"

"வானம் குடுக்கல. தையல்கார அம்மா குடுத்திருக்காங்க."

அன்பர்களே! உரிமம் எதற்கு? உயிருக்கு ஆபத்து வந்தால் தற்காத்துக்கொள்ள. ஊருக்கு ஆபத்தை உண்டாக்க அல்ல! கூட்டத்தின் நடுவே காரணமின்றிச் சுட்டாலே குற்றம். பிறர் உயிரைப் பணயம் வைத்தது தனிக் குற்றம். "யார் மேலயும் படலியே" என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தைத் துடைக்காது. பட்டிருந்தால்? வாழ்நாள் முழுவதும் கம்பிக்குப் பின்னால்!

நீதிமன்றத்தில் மாமாவுக்கு நான் சொன்ன ஒரே அறிவுரை: "சுட்டது யாருன்னு அவங்கதான் நிரூபிக்கணும். நீங்க வாயத் தொறக்காதீங்க."

அரசு வக்கீல் கல்யாண வீடியோவைப் போட்டார். மாமா கேட்டபடியே படம் மெதுவாக ஓடியது. மாமா கேட்டபடியே பின்னால் பாட்டு. நீதிபதியின் உதவியாளர் தன்னை மறந்து தாளம் போட்டார். வீடியோக்காரரோ தொழில் பக்தி மிகுந்தவர். அழகுக்காக முதல் வெடியை வேறொரு கோணத்தில் இன்னொரு முறை சேர்த்திருந்தார். அரசு வக்கீல் முழங்கினார்: "கனம் நீதிபதி அவர்களே, குற்றம் சாட்டப்பட்டவர் மூன்று முறை சுட்டிருக்கிறார்!"

கூண்டிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"அம்மா, அநியாயமா இருக்கே! நான் ரெண்டு தடவைதான் சுட்டேன்! மூணாவது அந்த வீடியோக்காரன் சேத்தது!"

நான் அமர்ந்தேன். அதற்குமேல் நிற்பதற்கு என்ன இருக்கிறது? நீதிபதி அம்மையார் பேனாவை எடுத்தார். ஆறு மாதச் சிறை. அபராதம். துப்பாக்கி பறிமுதல். உரிமம் ரத்து.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் சிரித்தேன். நேற்றுவரை சிரித்தேன்.

நேற்று விடுதலையானதும் மாமா என்னை அழைத்துக்கொண்டு நேரே அந்தச் சந்துக்குப் போனார். குண்டு பட்டுப் பழுதானதற்குப் பதிலாகப் புதுத் தையல் இயந்திரம் வாங்கித் தருவதாகச் சொன்னார். அக்கா வேண்டாம் என்றார். கோபப்படவில்லை, குரலை உயர்த்தவில்லை. தான் உட்கார்ந்து தைக்கும் முக்காலியைக் காட்டினார்.

"இதுல கொஞ்சம் உக்காருங்கண்ணே."

மாமா உட்கார்ந்தார். கூரை ஓட்டை வழியே வந்த வெயில், வட்டமாக அவர் உச்சந்தலையில் விழுந்தது.

"அன்னிக்கு அடுப்புல பால் பொங்குச்சு. இறக்கி வைக்க எழுந்தேன். அவ்வளவுதாண்ணே."

மாமா நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். இயந்திரத்தில் குண்டு புகுந்த இடத்தைத் தடவினார். எழ முயன்றார். அக்காதான் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்.

எனக்குரிய நேரம் முடிந்தது என்று தலைவர் சைகை செய்கிறார். முடித்துவிடுகிறேன் ஐயா. இந்தத் தீர்மானத்தை நான் வழிமொழிய மாட்டேன்! ஒரு பெருமைக்காக ஒரு பெண்ணின் உச்சந்தலையைக் குறிவைக்கலாமா? ஒரு கைதட்டலுக்காக ஒரு வீட்டின் விளக்கை அணைக்கலாமா? குறி தவறியதற்கு மாலையா? பால் பொங்கியதற்குப் பாராட்டு விழாவா? துப்பாக்கி திரும்பக் கூடாது என்பவர்கள் கை உயர்த்துங்கள்!

முன்வரிசையில் உயர்கிறது. தாய்மார்கள் பக்கம் உயர்கிறது. சுவரோரம்... நன்றி தம்பிகளே. என்ன எல்லோரும் எனக்குப் பின்னால் பார்க்கிறீர்கள்?

மாமா!

மாமா, ஒரு கை போதும். இரண்டையும் தூக்க வேண்டாம். இங்கே போலீஸ் இல்லை. அழாதீர்கள் மாமா. யாராவது அந்த மாலைகளைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள், கண்ணைத் துடைக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கு நன்றி! இந்த மன்றத்துக்கு என் வணக்கம்!